ஜெசிந்தா நிற்கும் இடங்கள்

“சர்க்கரை வியாதி எதனால வருதுன்னு நீங்க நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“எழுதிக்கோ,” என்றார் ஜெசிந்தா அக்கா. “வெண்பொங்கல்.”

மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் தட்டில் இருந்ததும் வெண்பொங்கல்தான். எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அதுக்கு மேல கேசரிய வெச்சா?” என்றாள் பக்கத்திலிருந்த ஜாய்ஸ்.

“அது வியாதி இல்லடி, விருந்து.”

“சரிக்கா, பி.பி. எதனால வருது?” என்று தொடர்ந்தேன்.

“தோ, வெள்ள சட்ட போட்டுகினு நிக்கிறாரே, அவராலதான்.” கேன்டீன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லைன் சூப்பர்வைசர் ஆதித்யா போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பாவம், அவருக்கு மேல இன்னொரு வெள்ள சட்ட கீது. அவருக்கும் வரும். அதையும் எழுதிக்கோ.”

“உங்க உடம்புக்குக் கம்பெனி என்ன உதவி செய்யுது?”

“பாட்டில் குடுத்தாங்களே!”

இந்த முறை சிரிப்பு அடுத்த மேசைக்கும் பரவியது. எனக்கு மட்டும் புரியவில்லை. கடைசிக் கேள்விக்குப் போனேன். எப்படி மெதுவாகக் கேட்டாலும் முரட்டுத்தனமாக ஒலிக்கிற கேள்வி.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்காக்கா?”

“எனக்கா? எனக்கு இன்னா? நான் ரிலீவரு.”

இது என்ன பதில் என்று நான் யோசிப்பதற்குள், கேன்டீன் கதவுக்கு அப்பால் ஒரு மெட்டு ஒலித்தது. வாழ்த்து அட்டையைத் திறந்தால் கேட்குமே, அந்த மாதிரி. பாதிப் பொங்கலை ஜாய்ஸ் பக்கம் தள்ளிவிட்டு, பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் ஓடினார்.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு சிறிய சுகாதார அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய்களைப் பற்றித் தொழிலாளர்கள் என்ன நினைக்கிறார்கள், வேலை செய்யும் இடத்தில் என்ன உதவியை எதிர்பார்க்கிறார்கள் என்று தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே இருந்த அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துத் தருகிற இடம். கதவு உயரப் பலகைகள் தண்டவாளம் போன்ற ஒன்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். பலகை தன் இடத்தைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு பெண்ணும் தன் பங்கு ஒயரை இழுத்துச் செருகி, டேப் சுற்றிவிட வேண்டும். பலகை யாருக்காகவும் நிற்காது; சாப்பிடக்கூட முறை வைத்து, சிலர் சிலராகத்தான் போவார்கள்.

கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரியும், அந்த மெட்டு ஒலிக்கும். ரிலீவர் வந்து இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். லைனுக்கு ஒரே ரிலீவர். ஜெசிந்தா அக்காவுக்கு அந்த லைனில் எல்லா இடத்து வேலையும் தெரியும். ஷிப்ட் முழுக்க யாருடைய இடத்திலாவது நின்றுகொண்டிருப்பார். தனக்கென்று ஓர் இடம் அவருக்குக் கிடையாது.

யாருக்கு என்ன நோய் என்பது மருத்துவ அறைக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும்.

“லைட்டு பொய் சொல்லாது பாப்பா,” என்று பிறகொரு நாள் சொன்னார். “மாசமா கீறத புருஷனாண்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிடும். கல்லடைப்புன்னா சொல்லிடும். சுகருன்னா ஒரே வாரத்துல சொல்லிடும்.”

விளக்கு அவருக்கு மட்டும் எரிவதில்லை. எல்லார் கண்ணிலும் படும். அடிக்கடி எரிந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “இன்னா, மறுபடியுமா?” அதனால் சர்க்கரை இருக்கிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்தில் ஏறுவதிலிருந்து வீடு திரும்பும்வரை தாகத்தை அடக்குவார்கள். அது அவர்களுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனமாகவே பேசப்பட்டது.

ஜெசிந்தா அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். வீடு புதுப்பட்டினத்தில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கம். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். மகளை மட்டும் வயலில் இறங்க விடவில்லை. பத்தாவது முடித்ததும் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் சலவை அறைக்கு வேலைக்குப் போனார். விரிப்புகளை நீராவியில் தேய்த்து மடிக்கிற வேலை. “ஜன்னலுக்கு அந்தாண்ட கடலு, இந்தாண்ட கொதிக்கிற ஆவி. நான் இந்தாண்ட,” என்பார். அதே ஓட்டலுக்குச் சுவர் வண்ணம் அடிக்க வந்த ஏசுபாதத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். மகள் ரூத் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், தொழிற்சாலைப் பேருந்து புதுப்பட்டினம்வரை வந்தது. ஒப்பந்தக்காரர் மூலமாகச் சேர்ந்தார். இன்றைக்கும் ஒப்பந்தம்தான். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடலாம்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அரிது. “எங்கம்மா டி.வி.யக்கூட நின்னுகினுதான் பார்ப்பாங்க,” என்று ரூத் ஒருமுறை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் உட்கார்ந்த பிறகும் கடைசித் தூணோரம் நிற்பாராம், யாரோ கூப்பிட்டால் உடனே போக வேண்டும் என்பது போல.

நான் திருக்கழுக்குன்றத்தில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக்கொள்வேன். எனக்காகப் பையை வைத்து ஓர் இருக்கை பிடித்திருப்பார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒருநாள் கொளவாய் ஏரிப் பக்கம் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பேருந்து நகரவேயில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனி தந்திருந்த கனத்த ஷூவைக் கழற்றினார். காலுறை சுண்டுவிரல் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்தார். கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. புதுப்புண் இல்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாக்கா?”

“போனதாலதான் தெரிஞ்சிது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மூணு வருசமா சுகர் கீது. ஏசுபாதத்துக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும்.”

“கம்பெனியில மருத்துவ அறை இருக்கே?”

“கண்ணகியும் அப்டித்தான் நெனச்சா.”

கண்ணகி பக்கத்து லைனின் ரிலீவராக இருந்தவர். கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் தனக்குச் சர்க்கரை என்று தானே சொல்லியிருக்கிறார். கம்பெனி அன்பாகத்தான் நடந்துகொண்டது. ஓடுகிற வேலை வேண்டாமென்று, உட்கார்ந்து செய்கிற பேக்கிங்குக்கு மாற்றியது. அடுத்த மாதம் பேக்கிங்கில் ஆள் அதிகம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். கண்ணகி இப்போது வீட்டில் இருக்கிறார்.

“யாரும் அவள வெரட்டல,” என்றார் ஜெசிந்தா அக்கா. “ஒவ்வொருத்தரும் ஒரு கை புடிச்சி உதவி செஞ்சாங்க. உதவி செஞ்சி செஞ்சியே வூட்டு வாசல்ல கொண்டாந்து வுட்டாங்க.”

பேருந்து நகர்ந்தது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இன்னும் நிறைய தூரம் இருந்தது.

பாட்டில் விஷயத்தையும் அன்றுதான் சொன்னார். நான் அங்கே போவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. மனிதவள அதிகாரி கோதண்டராமன் நல்லவர். அவருக்கே சர்க்கரை உண்டு. மதியம் கையில் கடிகாரம் போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றி வேகமாக நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உடனே எல்லாருக்கும் அளவுக்கோடு போட்ட பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தார். ஷிப்ட் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஒருவர் விடாமல் காலி செய்கிற லைனுக்கு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் பரிசு.

பாட்டில் கொடுத்தவர் ரிலீவர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை.

முதல் நாள் உண்மையாகவே குடித்தார்கள். மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மெட்டு ஓயவில்லை. ஜெசிந்தா அக்கா ஓடி ஓடி, கடைசியில் எந்த விளக்குக்குப் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாராம். பலகைகள் குறையோடு கடந்து போயின. ஆதித்யா கத்தினார். மறுநாள் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேன்டீன் நடையில் வரிசையாகக் குரோட்டன் செடித் தொட்டிகள் இருந்தன. போகும்போதும் வரும்போதும் பாட்டிலை அவற்றில் சாய்த்தார்கள். லைன் ஜெயித்தது. கையில் ஹாட்பாக்ஸோடு எல்லாரும் நிற்கும் படம் நோட்டீஸ் போர்டில் இன்னும் இருக்கிறது.

செடிகள் அழுகின. ஏதோ நோய் தாக்கிவிட்டது என்று கோதண்டராமன் நர்சரியிலிருந்து ஆளை வரவழைத்து மருந்து அடிக்க வைத்தார்.

“செடிக்கு மட்டும் அன்னிக்கே டாக்டர் வந்தாரு பாரு,” என்று ஜெசிந்தா அக்கா சொன்னபோது, முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கூடச் சிரித்தாள்.

அதன் பிறகு ஆதித்யா அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: “அக்கா, யார் யாரு அடிக்கடி போறாங்கன்னு சொல்லுங்க. தண்டனைக்கு இல்ல, அவங்களுக்கு சப்போர்ட் பண்ணத்தான்.”

“எல்லாரும் ஒரே மாதிரிதான் சார் போறாங்க. மனுசங்கதான?”

இப்படி மற்றவர்களின் நோயை மறைத்துவந்தவரின் விளக்கு எங்கேயும் எரியவில்லை. ரிலீவருக்குப் பொத்தான் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, காலை நாஸ்தாவுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கு நடந்திருக்கிறார். மாத்திரையை இருமல் மிட்டாய் டப்பாவில் வைத்திருப்பார். தட்டைக் கையில் எடுப்பதற்குள் மெட்டு ஒலித்தது. ஜாய்ஸுக்கு வயிறு சரியில்லை. அவள் இடத்தில் போய் நின்றார். ஜாய்ஸ் வர நேரமானது. அவள் வந்ததும் வேறொரு விளக்கு. மாத்திரை உள்ளே போயிருக்க, சாப்பிடாமலே நாஸ்தா வேளை முடிந்துவிட்டது. அன்று நான் லைனுக்கு வெளியே மஞ்சள் கோட்டருகே ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்கா மறுபடியும் ஜாய்ஸ் இடத்தில் நிற்பதைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை கொட்டியது. அங்கே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் பரிசோதனை மேசையில் பஸ்ஸர் அலறியது. ஒரு பலகை, அடுத்த பலகை, அதற்கடுத்தது. நீல ஒயர் போக வேண்டிய துளையில் பச்சை ஒயர். அதற்குள் ஜாய்ஸ் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தாள். ஆதித்யா நேராக அவளிடம் வந்தார்.

“கண்ணு தெரியலையா ஜாய்ஸ்? எத்தன போர்டு பிரிக்கணும் தெரியுமா? இது ரெண்டாவது வார்னிங்.”

ஜாய்ஸ் குனிந்து அடுத்த பலகைக்கு டேப் சுற்றினாள். ஜெசிந்தா அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அவள வுடுங்க சார். அந்த போர்டுங்க போறப்ப அங்க நின்னது நானு.”

“நீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு?”

“தூக்கம் சார்.”

“நிக்கிற ஆளுக்கு எப்படிக்கா தூக்கம் வரும்?”

“குதிர தூங்கல?”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கால்கள் மடங்கின. ஜாய்ஸ் அவரைத் தாங்கிப் பிடித்து, தன் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயைப் பிரித்து வாயில் திணித்தாள்.

“கடிக்கா. பேசாத. மொதல்ல முழுங்கு.”

“எனக்கு ஒண்ணும் இல்லடி.”

“எங்கம்மாவும் இதே மாத்திரதான்க்கா போடுது. இருமலே இல்லாம வருசம் பூரா இருமல் மிட்டாய் துன்றியே, நாங்க இன்னா கேனைங்களா?”

அடுத்த இடத்துப் பெண் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “லைனுக்கே தெரியும்க்கா. நீ எங்களச் சொல்லல, நாங்க உன்னச் சொல்லல.”

ஆதித்யாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிரிக்க வேண்டிய பலகைகளை எண்ணப் போய்விட்டார்.

அந்த வாரமே ஓர் அறிவிப்பு வந்தது. பொத்தான்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் போகிறார்கள். எந்த இடத்தில் விளக்கு அதிகம் எரிகிறது என்று திரையில் வந்துவிடும். கோதண்டராமன் எங்களிடம் உற்சாகமாக விளக்கினார். “இனிமே யாரும் கூச்சப்பட்டுக்கிட்டு மறைக்க வேண்டியதில்ல. யாருக்கு ஹெல்த் சப்போர்ட் தேவைன்னு சிஸ்டமே சொல்லிடும். நாமளே கூப்பிட்டு கவனிச்சுக்கலாம்.” அவர் அதை மனதார நம்பினார். அதனால் அவரிடம் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

அன்று மாலைப் பேருந்தில் ஜாய்ஸ், “இனிமே கண்ணகி மாதிரி ஒரு பஸ் நிறைய ஆளு,” என்றாள்.

அடுத்த வாரம், ஒயர்களை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி இரண்டு நாள் பயணமாக வந்தார். வெளிநாட்டுப் பெண். தொழிலாளர் நலன் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர். பாட்டில் போட்டியில் ஜெயித்த லைன் என்பதால், ஜெசிந்தா அக்காவைப் பேசச் சொல்லி மேடைக்கு அழைத்தார் கோதண்டராமன். நான் பயிற்சிக் கூடத்தின் பின்வரிசையில் இருந்தேன்.

ஜெசிந்தா அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று, நிறுத்தி நிறுத்தி, நாங்கள் எல்லாரும் தலையாட்டும்படி பேசினார். “தண்ணி குடிக்கணும்னு எங்களுக்கும் தெரியும் மேடம். குடிச்சா போவணும். போவணும்னா எங்க எடத்துல ஒரு ஆளு நிக்கணும். ஒரு லைனுக்கு இன்னொரு ரிலீவரு குடுங்க. லைட்டு எத்தினி வாட்டி எரியுதுன்னு எண்ணாதீங்க. எண்ணுனா மறுபடியும் குடிக்க மாட்டாங்க. வியாதி உள்ளயே கெடக்கும். எங்கள உக்கார வெக்க வேணாம். வேலைல வெச்சிகினே பாத்துக்குங்க.”

கோதண்டராமன் ஆங்கிலத்தில் சொன்னார். தண்ணீர்த் திட்டம் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது, இதைப் போல இன்னும் பல திட்டங்களைத் தொழிலாளர்கள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள், நிர்வாகத்துக்கு நன்றி சொல்கிறார்கள். அந்தப் பெண் அதிகாரி மகிழ்ந்து கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ஜெசிந்தா அக்காவும், என்னவென்று தெரியாமல், மெல்லத் தட்டினார்.

பேருந்து செங்கல்பட்டைத் தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

“நான் அவ்ளோ நீட்டா பேசுனேன். அவரு ரெண்டே வரில முடிச்சிட்டாரு. இன்னா சொன்னாரு?”

சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கம்பியை மாற்றிப் பிடித்தார். கால் மாற்றி நின்றார். திரும்பவும் பழைய காலுக்கே மாறினார்.

“கெட்ட எண்ணம் இல்ல,” என்றார். “அந்தாளுக்கு நாங்க சந்தோசமா இருக்கணும். அதனால எங்க வாய்ல சந்தோசத்த வெச்சிட்டாரு.”

“நாளைக்கு அந்தம்மா லைனுக்கே வராங்களாம் அக்கா.”

“தெரியும். என்னாண்ட வந்து நிப்பாங்க. ரிலீவரு இன்னா பண்றான்னு பாக்கணுமாம்.”

திருக்கழுக்குன்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டேன். நான் எழுந்த இருக்கையில் அவர் உட்காரவில்லை. வழியை மறித்த மாதிரி நின்றார்.

“பொதுவா பேசுனதாலதான் மாத்த முடிஞ்சிது. எனக்கு சுகர் கீதுன்னு சொன்னா? இத்தினி வருசமா இந்தக் காலோட ஓடிகினு கீறேன், அன்னிக்கி போர்டு தப்பானதுக்கும் அதான் காரணம்னு சொன்னா? அத்த எப்டி மாத்துவாரு?”

“அக்கா, கண்ணகிக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தா?”

“நடக்கும். நடக்காமயும் போவும். ரூத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கீது. ஏசுபாதம் வேணாம்னுதான் சொல்றாரு. ஜாய்சும் வேணாம்னுதான் சொல்றா. நான் அவங்களக் கேக்கல, உன்னக் கேக்கறேன்.”

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். என் கையிலிருந்த பையின் பிடியை அவரும் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு என் பக்கத்துல வந்து நில்லு. அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. நான் சொல்றத சொல்ற மாதிரியே இங்கிலீசுல சொல்லு பாப்பா. நடுவுல நான் பயந்துபோயி நிறுத்திட்டேன்னா, மீதிய நீயா முடிச்சி வெக்காத. நான் மறுபடியும் ஆரம்பிக்கிற வரைக்கும் அந்தம்மாவ அங்கயே நிக்க சொல்லு.”